புனிதர் தேவசகாயம் பிள்ளை பாதிரியாரா?

இல்லை. இயற்பெயர் நீலகண்ட பிள்ளை; நட்டாலத்தில் 1712இல் பிறந்த இவர் கடைசிவரை குடும்பஸ்தர்தான். மனைவி பார்கவி அம்மாள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தார். டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார்; அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான், அந்தக் காலத் திருவிதாங்கூரில் அது லேசான காரியமா? அப்புறம் கைது, சித்திரவதை. கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்களாம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கல்லறை நாகர்கோவில் கோட்டார் சவேரியார் கோவிலில் இருக்கிறது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியப் பொதுநிலையினரில், அதாவது பாதிரியாரோ துறவியோ அல்லாத சாதாரண கிறிஸ்தவர்களில், இவர்தான் முதல் புனிதர்.