பயோகெமிஸ்ட்ரி எடுத்தால் மாட்டை மறந்துவிட வேண்டுமா?

கேள்வி: கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருக்கிறேன். ஊர் ஈரோடு பக்கம். வீட்டில் ஆறு கறவை மாடுகள். போன வருடம் எங்கள் ஜெர்சி கலப்புப் பசு மூன்றாவது கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. டாக்டர் வந்து கால்சியம் பாட்டில் ஏற்றினார். முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது. அன்றிலிருந்து உயிர்வேதியியல் (பயோகெமிஸ்ட்ரி) மேல் ஒரு கண். முதுநிலையில் அதை எடுத்து, முனைவர் பட்டம், பேராசிரியர் வேலை என்று போக ஆசை. "சர்ஜரி, மெடிசின் எடுக்காமல் இதை எடுத்தால் கடைசிவரை டெஸ்ட் டியூப் கழுவ வேண்டியதுதான்" என்கிறார்கள் சீனியர்கள். வேலை கிடைக்குமா? எங்கே படிப்பது? வைத்தியம் பார்க்கும் கை போய்விடுமா?

பதில்: டெஸ்ட் டியூப் கழுவுவது உண்மைதான். நானும் கழுவியிருக்கிறேன். கழுவியது சரியில்லை என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்து மறுபடியும் கழுவியிருக்கிறேன். சீனியர்கள் சொல்லாமல் விட்டது, அந்த டியூப்பில் என்ன இருக்கிறது என்பதை.

உங்கள் பசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பசுவின் ரத்தத்தில், பிளாஸ்மாவில் மட்டும் கணக்குப் போட்டால், ஒரு நேரத்தில் இருக்கும் கால்சியம் மொத்தமே 3 கிராம் அளவுதான். சீம்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் போகிறது. முதல் நாள் 10 லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராம் போயிற்று. கையில் 3 ரூபாய் வைத்திருப்பவன் 20 ரூபாய் செலவு செய்வது மாதிரி. மீதியை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் இழுக்க வேண்டும். இழுக்கச் சொல்லும் ஆணை, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனிடமிருந்து வருகிறது. குடல் அதற்குப் பணிய வைட்டமின் டி தேவை. இந்த ஏற்பாடு முழுதாக முடுக்கம் பெற ஓரிரு நாள் பிடிக்கும். மூன்றாவது ஈற்றுக்கு மேல் வயதான மாட்டில் இன்னும் தாமதம். அந்த இடைவெளியில்தான் மாடு விழுகிறது. ரத்த கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது 5க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். பால் காய்ச்சல் என்று பெயர். ஆனால் தொட்டுப் பார்த்தால் காது ஜில்லென்று இருக்கும். பெயர் வைத்தவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

டாக்டர் ஏற்றிய பாட்டில் அந்த நேரத்துக்கான கடன். ஏன் கடன்பட நேர்ந்தது, ஆறு மாட்டில் ஏன் அது மட்டும் விழுந்தது, அடுத்த ஈற்றில் விழாமல் இருக்க கடைசி மூன்று வாரம் தீவனத்தில் எதைக் குறைக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் நீங்கள் உயிர்வேதியியல் துறைக்குள் வந்துவிட்டீர்கள். மாட்டைவிட்டு எங்கும் போகவில்லை.

இன்னொன்று. மனித உடலுக்கு எழுதிய பயோகெமிஸ்ட்ரி புத்தகத்தை அப்படியே மாட்டுக்குப் போட முடியாது. நாம் சோறு சாப்பிட்டால் குளுக்கோஸ் குடல் வழியாக ரத்தத்துக்கு வருகிறது. மாடு சோளத்தட்டு தின்றால் அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் சாப்பிட்டுவிடுகின்றன. மாட்டுக்குக் கிடைப்பது அசிட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள். குளுக்கோஸ் என்று நேராக வருவது மிகச் சொற்பம். தேவையானதைக் கல்லீரல்தான் தயாரிக்க வேண்டும், பெரும்பாலும் புரொப்பியானிக் அமிலத்திலிருந்து. ஒரு லிட்டர் பாலில் 48 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கிறது. 20 லிட்டர் கறக்கும் மாடு தினமும் ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரையைப் பாலில் கொடுக்கிறது. தீவனம் போதாமல் போனால் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும், கல்லீரல் திணறும், கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறும். கறவை குறைந்து, அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகி நிற்கும் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். அது கீட்டோசிஸாக, அதாவது இந்தக் கீட்டோன் மிகுந்த நோயாக இருக்க வாய்ப்பு நிறைய.

சரி, வைத்தியக் கை போய்விடுமா என்ற கேள்வி. அது உங்களைப் பொறுத்தது. பதிவு எங்கும் போகாது: 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்று, அதைப் புதுப்பித்து வைத்திருக்கும் வரை நீங்கள் மருத்துவர்தான், முதுநிலை எந்தப் பாடத்தில் இருந்தாலும். கைப்பழக்கம்தான் துருப்பிடிக்கும். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி கிளினிக்கில் நிற்கும் ஆசிரியர்களும் உண்டு, பத்து வருடம் மாட்டைத் தொடாதவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரின் ஆராய்ச்சியைப் படித்தாலே தெரிந்துவிடும்.

மாட்டைத் தொடாமல் ஆய்வகத்தில் மட்டும் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. முதுநிலை மாணவனாக இருந்தபோது கிராமத்திலிருந்து வந்த ரத்த மாதிரிகளில் கால்சியம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கால்சியம் கிட்டத்தட்டப் பூஜ்யம். பொட்டாசியமோ உயிரோடு இருக்கும் எந்த மாட்டுக்கும் இருக்க முடியாத உயரம். பரபரப்பாகப் போன் போட்டால், "மாடா? அது தவிடு தின்னுட்டு இருக்குதுங்க" என்று பதில். அப்புறம் குப்பையில் கிடந்த டியூப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஊதா மூடி. அதற்குள் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அது கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். தன்னிடமிருக்கும் பொட்டாசியத்தை ரத்தத்தில் கலந்துவிடும். அந்த மாதிரியில் மெஷின் சொன்ன இரண்டு எண்ணும் டியூப்பின் எண்கள், மாட்டினுடையவை அல்ல. கால்சியத்துக்குச் சிவப்பு மூடி, குளுக்கோஸுக்கு ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி என்பதை அன்றைக்குப் பிறகு யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மொபட்டில் குலுங்கி வந்து, சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோன மாதிரியில் பாஸ்பரஸ் பார்க்கக் கூடாது என்பதும் அதே வகைப் பாடம்தான்.

இப்போது வேலை. இதில் உங்களுக்கு இனிப்பு தடவிச் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டில் சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் சேர்ந்து ஒரே துறை. ஒரு கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆள் எடுப்பதும் வருடா வருடம் நடப்பதில்லை. உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அது நல்ல சம்பளம்தான், ஆனால் அந்த நாற்காலி காலியாகும்வரை எங்கே உட்கார்வீர்கள் என்பதுதான் கேள்வி. அதனால் டி.என்.பி.எஸ்.சி.யின் கால்நடை உதவி மருத்துவர் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்குப் பட்டம் போதும். எழுதி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பேராசிரியர் பதவி மட்டும்தான் வழி என்று நினைப்பதும் தப்பு. ஐ.சி.ஏ.ஆர். எனும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களில் விஞ்ஞானி பதவிக்கு ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு இருக்கிறது, அதில் விலங்கு உயிர்வேதியியல் தனிப் பாடம். ஐதராபாத், பெங்களூருவில் மருந்துகளுக்கு நச்சுத்தன்மை சோதனை செய்யும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் எலி, நாய் ரத்த முடிவுகளைப் படிக்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்களைத் தேடுகின்றன. தடுப்பூசி நிறுவனங்கள் உண்டு. நாமக்கல்லை மறந்துவிடாதீர்கள்: கோழித் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு எவ்வளவு, மக்காச்சோளத்தில் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் ஆய்வக வேலைக்கு அங்கே தேவை குறைந்தபாடில்லை. வெளிநாடு என்றால், ஆராய்ச்சிப் படிப்புக்கு அங்கே வைத்தியம் பார்க்கும் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் மாட்டுக்கு ஊசி போட வேண்டுமென்றால்தான் தனித் தேர்வுகள் எழுத வேண்டும்.

எங்கே படிப்பது? மூன்று இடங்களைச் சொல்கிறேன். சென்னை வேப்பேரிக் கல்லூரி. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கியது, இன்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. நம் மாடு, நம் தீவனம், நம் விவசாயி என்று வேலை செய்ய ஆசையென்றால் இதுவே போதும். அடுத்தது உத்தரப்பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். 1889இல் புனேயில் ஒரு நுண்ணுயிர் ஆய்வகமாகத் தொடங்கியது. நோய், தடுப்பூசி, மூலக்கூறு அளவிலான வேலை என்றால் அங்கே. பாலும் பால் சுரப்பும்தான் உங்கள் விருப்பம் என்றால் ஹரியானாவின் கர்னாலில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம். அது 1923இல் பெங்களூருவில் தொடங்கி 1955இல் கர்னாலுக்குப் போனது. பின்னவை இரண்டுக்கும் ஐ.சி.ஏ.ஆர். முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இந்தி தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள், ஆறு மாதத்தில் மெஸ்காரர் கற்றுக்கொடுத்துவிடுவார்.

ஊரைவிட முக்கியம் வழிகாட்டி. சேரும் முன் அந்தத் துறையில் இப்போது படிக்கும் மாணவர் இருவரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். போன ஐந்து பேர் தீசிஸ் முடிக்க எத்தனை வருடம் ஆனது? கெமிக்கல் ஆர்டர் போட்டால் எத்தனை மாதத்தில் வருகிறது? கரன்ட் போனால் டீப் ஃப்ரீசரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்தால், அந்த ஃப்ரீசரில் யாரோ ஒருவரின் இரண்டு வருட உழைப்பு ஏற்கெனவே உருகியிருக்கிறது என்று அர்த்தம். வழிகாட்டியின் கட்டுரைகளையும் படியுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், காசு கட்டினால் பத்து நாளில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் ஏராளம். ஒரே கேள்வியை விடாமல் துரத்திக்கொண்டு போகிறாரா, வருடத்துக்கு ஒரு தலைப்பு மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக: முதுநிலை முடிக்கும் தறுவாயில் ஏ.எஸ்.ஆர்.பி. நெட் (வேளாண், கால்நடைப் பாடங்களில் உதவிப் பேராசிரியருக்கான தகுதித் தேர்வு) எழுதிவிடுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டையும் சேர்த்து முயலலாம், ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது 2023இலிருந்து வந்த தொகை. எங்கள் காலத்தில் கிடைத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது அல்லவா? இந்தத் துறை உங்களுக்குச் சரிப்படுமா என்று அதற்குள் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, பால் சொசைட்டியில் கன்று போட்டு 5 நாளிலிருந்து 15 நாள் ஆன மாடுகளாக இருபது பாருங்கள். மாட்டின் மடிக்கு மேலே, பெண்ணுறுப்புக்குக் கீழே மெதுவாகத் தடவிக்கொடுத்தால் சிறுநீர் விடும், பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு டியூப்பில் கொஞ்சம் எடுத்து, அம்மோனியம் சல்பேட் உப்பை அடியில் கரையாமல் தங்கும்வரை போட்டுக் குலுக்குங்கள். சோடியம் நைட்ரோபுருசைடு ஒரு சிட்டிகை. பிறகு லிக்கர் அம்மோனியாவை (அடர் அம்மோனியாக் கரைசல்) டியூப்பின் சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஊதா வளையம் தோன்றினால் கீட்டோன் இருக்கிறது. முதல் வளையத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள்.

அதே மாட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை, சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் கீட்டோன் மீட்டரிலும் வையுங்கள். லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் என்றால் வெளியே தெரியாத கீட்டோசிஸ். சில மாடுகளில் மீட்டர் ஒன்று சொல்லும், வளையம் வேறு சொல்லும். வளையத்தில் தெரிவது அசிட்டோஅசிட்டேட்டும் அசிட்டோனும். மீட்டர் அளப்பது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அன்று ராத்திரி தூக்கம் வராமல் புத்தகத்தைப் புரட்டினால், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். "ஏதோ மெஷின் கோளாறு" என்று மூடி வைத்துவிட்டால், மெடிசின் எடுங்கள். அதுவும் நல்ல துறைதான்.

ஒவ்வொரு மாட்டுக்கும் எத்தனையாவது ஈற்று, எத்தனை லிட்டர், என்ன தீவனம் என்று நோட்டில் எழுத மறக்காதீர்கள். எண் மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஒரு தடவை பால் காய்ச்சலில் விழுந்த மாடு அடுத்த ஈற்றிலும் விழக்கூடும். சினையின் கடைசி மூன்று வாரம் குதிரைமசால், வேலிமசால் மாதிரி கால்சியமும் பொட்டாசியமும் மிகுந்த தீவனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நல்லதென்று நினைத்துச் சிலர் அந்த நேரத்தில்தான் கால்சியம் டானிக்கை ஊற்றுவார்கள், அது எலும்பைத் தூங்க வைத்துவிடும். கன்று போட்ட முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம், கன்றுக்குச் சீம்பால் போய்ச் சேர்ந்தால் போதும். மறுபடி விழுந்தால், வீட்டில் மீதி கிடக்கும் கால்சியம் பாட்டிலைத் தானே ஏற்றப் பார்க்காமல் டாக்டருக்குப் போன் போடட்டும். நரம்பில் வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். போன வருடம் வந்த டாக்டர் ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையில் ஸ்டெத்தை மாட்டின் நெஞ்சிலிருந்து எடுக்காமல் இருந்திருப்பார், அது அதற்காகத்தான்.