கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 44. தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை எல்லோருக்கும் முன்னால் நான்தான் படிப்பேன். ஆனால் கொஞ்ச நாளாக மருந்துப் பட்டையில் இருக்கும் பொடி எழுத்து தெரியவில்லை, கையை நீட்டிப் பிடித்தால்தான் தெரிகிறது. மாலையில் இன்னும் மோசம். ‘கண்ணாடி போட ஆரம்பித்தால் விடவே முடியாது, பவர் ஏறிக்கொண்டே போகும்’ என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: வெள்ளெழுத்துதான், வேறொன்றும் இல்லை. படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் கை நீளும், அடுத்து தலை பின்னால் போகும், அப்புறம் ‘இங்கே வெளிச்சம் பத்தலை டாக்டர்’ என்பார்கள்.

கண்ணுக்குள் வரும் ஒளியைப் பெரும்பாலும் வளைப்பது முன்னால் இருக்கும் கருவிழி. ஆனால் அதன் வளைவு மாறாது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தகுந்தபடி மாறுவது உள்ளே இருக்கும் லென்ஸ்தான். கருவிழியின் வேலை எடுபடாதபடி தன் கண்ணைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து இதை நிரூபித்தவர் தாமஸ் யங். அது 1801-இல் வெளியானது. லென்ஸைச் சுற்றி மெல்லிய இழைகள், அவற்றுக்கு வெளியே வளையமாக ஒரு தசை. தூரத்தில் பார்க்கும்போது இந்தத் தசை ஓய்வில் இருக்கும், இழைகள் லென்ஸை இழுத்துத் தட்டையாக வைத்திருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்கும், இழைகள் தளரும், லென்ஸ் தானாக உருண்டு தடிக்கும். தசை இறுகினால் பிடி தளர்கிறது என்பது பலருக்கு நம்பச் சிரமமான விஷயம்.

இந்த லென்ஸ் வெங்காயம் மாதிரி. வாழ்நாள் முழுக்க மேலே புது அடுக்கு வந்துகொண்டே இருக்கும், பழையது எதுவும் உதிராது. உள்ளடுக்குகள் நெருங்கி நெருங்கி இறுகிப்போகின்றன. தசை தன் வேலையைச் செய்தாலும் லென்ஸ் உருள மறுக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு மூக்குக்கு முன்னால் 7, 8 சென்டிமீட்டரில் பிடித்த எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும். ஐம்பதில் அந்தத் தூரம் ஏறக்குறைய அரை மீட்டர்.

உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி சரி. பவர் ஏறும். ஆனால் கண்ணாடி போடாவிட்டாலும் லென்ஸ் அதே வேகத்தில்தான் இறுகும். வழக்கமாகப் படிக்கும் தூரம் 40 சென்டிமீட்டர், அதற்குத் தேவை இரண்டரை டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு). அதனால் அறுபதை ஒட்டி பிளஸ் இரண்டரை வாக்கில் பெரும்பாலும் நின்றுவிடும். போடாமல் இருந்து நீங்கள் மிச்சம் பிடிக்கப் போவது தலைவலியைத்தான். கடையில் ரெடிமேடாக வாங்கினால் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். உங்கள் இரண்டு கண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒருமுறை முறையாகச் சோதித்துக்கொள்ளுங்கள், அப்படியே கண் அழுத்தத்தையும் பார்த்துவிடலாம்.

வெளிச்சம் பத்தாது என்பது வெறும் சாக்கு அல்ல. வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், சின்னத் துளை வழியே வரும் ஒளியில் எழுத்து கூர்மையாகத் தெரியும். ஒரு காகிதத்தில் குண்டூசியால் துளையிட்டுக் கண்ணை ஒட்டிப் பிடித்து, அதன் வழியாக அந்த மருந்துப் பட்டையைப் பாருங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் படித்துவிடலாம்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. இருபது வருடமாகக் கண்ணாடி போட்டுப் படித்தவர், இப்போது அது இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறார். தினமும் செய்யும் கண் பயிற்சியின் பலன் என்கிறார். உண்மையா?

பதில்: பயிற்சி இறுகிய லென்ஸை இளக்காது. அத்தை சந்தோஷத்தில் இருக்கும்போதே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். லென்ஸின் நடுப்பகுதியில் புரை விழ ஆரம்பிக்கும்போது அதன் ஒளி வளைக்கும் திறன் கூடும். அப்போது கிட்டத்தில் இருப்பது தெளியும், அதற்கு விலையாகத் தூரத்தில் இருப்பது மங்கும். எதிரே வருகிறவர் முகம் தெரிகிறதா, இரவில் விளக்குகள் கூசுகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். புரையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அறுவை செய்து சரிப்படுத்தலாம்.

கேள்வி: கண்ணாடிக்குப் பதில் சொட்டு மருந்து வந்துவிட்டதாமே?

பதில்: வந்திருக்கிறது. பைலோகார்ப்பைன் என்ற பழைய கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) மருந்தின் ஒரு வகையை வெள்ளெழுத்துக்காக அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள். மேலே சொன்ன குண்டூசித் துளையின் வேலைதான். கண்மணியைச் சில மணி நேரம் சுருக்கி வைக்கும், லென்ஸை ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தலைவலி வரும். இருட்டில் பார்வை குறையும், அதனால் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஜாக்கிரதை. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் விழித்திரையைச் சோதிக்காமல் இதைத் தொடவே கூடாது.