கடற்கரையில் ஒரு பனிமலை: வாசகர் கேள்வி பதில்

2020 ஊரடங்கில் பஞ்சாபின் ஜலந்தர்க்காரர்கள் மொட்டைமாடியில் நின்றே இமயத்தின் தௌலதார் பனிமலையைப் பார்த்தார்களே. காற்று சுத்தமானால் நமக்கும் ஏதாவது தெரியுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

தெரியாது. நமக்குத் தடை தூசி அல்ல, பூமி உருண்டையாக இருப்பது. மலையின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள். கடல் மட்டத்தில் நிற்பவருக்கு அது எத்தனை கிலோமீட்டர் வரை தலைகாட்டும் என்பது வந்துவிடும். கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். விடை சுமார் 330. காற்றில் ஒளி வளைவதால் இன்னும் இருபது, முப்பது கூடலாம். கடலூரிலிருந்து அந்த மலை ஏறத்தாழ 2,000 கி.மீ. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றாலும் பயனில்லை.

அப்போ ஊட்டியில் பனி விழுகிறதே, அது?
– வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

அங்கே டிசம்பர், ஜனவரியில் விழுவது உறைபனி. மேகமில்லாத இரவில் தரை சூடிழந்து, புல்மேல் ஈரம் உறைகிறது; வெயில் ஏறியதும் காணாமல் போகும். மார்கழிப் பனியையும் இமயப் பனியையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதில் வந்த குழப்பம் இது. நிஜப் பனிமலைக்கு அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை டார்ஜிலிங் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் பெரும்பாலும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சில மாலைகளில் கடலுக்கு மேலே பனிமலை போலவே மேகம் நிற்கிறது. எப்போது நன்றாகத் தெரியும்? செல்போனில் எடுத்தால் வெறும் வெள்ளையாக வருகிறதே?
– வாசகர், தேவனாம்பட்டினம்

வெறும் தோற்றம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது இடிமேகம், அதன் உச்சி உண்மையிலேயே பனிக்கட்டித் துகள்கள்தான். நம் பக்கத்தில் 5 கி.மீ. உயரத்திலேயே காற்று உறைநிலைக்கு வந்துவிடும். மேகமோ 12 கி.மீ.க்கும் மேலே போகும். கஞ்சன்ஜங்காவே அதன் இடுப்புக்குச் சற்று மேலேதான் வரும்.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது என்பது பெரிய வசதி. சூரியன் முதுகுக்குப் பின்னே இறங்க, மேகத்தின் முகம் முழுக்க வெளிச்சம் விழுகிறது. விட்டுவிட்டு மழை பெய்யும் நாட்களே தோது. வானம் முழுக்க மூடியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். அஸ்தமனத்துக்கு அரைமணி முன்பே போய், அது முடிந்த பின்னும் 10 நிமிடம் நில்லுங்கள். பலர் சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடுகிறார்கள், காட்சியே அப்போதுதான். பூமியின் நிழல் கீழிருந்து ஏற, அடிவாரம் நீலச்சாம்பலாகும், தோள் ஆரஞ்சாகும், உச்சி மட்டும் ரோஜா நிறத்தில் கடைசியாக அணையும்.

செல்போன் இருண்ட கடலுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால்தான் மேகம் வெளுத்துப் போகிறது. மேகத்தின் மிக வெளுத்த இடத்தில் விரல் வைத்து, வெளிச்சத்தைக் குறையுங்கள். வானத்தின் நீலத்தை அடர்த்தியாகக் காட்ட லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடி வாங்க வேண்டாம். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் அது வேலை செய்யாது. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே எடுத்துப் போனால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். உப்புத்துகள் படிந்திருந்தால் ஊதிவிட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும்.

மின்னல் மட்டும் தெரிந்தால் ரசிக்கலாம். இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் மணலில் நிற்காதீர்கள், காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.