பூத்துப்போன அலுமினியப் படகு: ஆசிடா, உப்புத்தாளா?

கேள்வி: பெயின்ட் அடிக்காத பழைய அலுமினியப் படகு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெளிப்பக்கம் முழுக்க மங்கிச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கெட்டியான வெள்ளைப் படிவு வேறு. ஆசிட் போட்டுக் கழுவுவதா, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதா?

பதில்: படகு பளபளக்க வேண்டுமா, பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா, சுத்தமாக இருந்தால் போதுமா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். அந்தச் சாம்பல் நிறம் நோயல்ல. காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். உலோகத்தைக் காப்பதே அதுதான். ஓடுவதற்கான படகு என்றால், தூளாக உதிர்வதை மட்டும் எடுத்துவிட்டு மங்கலை அப்படியே விடுவதுதான் எங்கள் கட்சி.

நீர்மட்டத்துப் படிவு பெரும்பாலும் ஆக்சைடாக இருக்காது. தண்ணீரிலிருந்து படிந்த சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் ஒட்டவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தால் வந்துவிடும்.

மீதிக்கு, முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் ஆசிட் பிடிக்காது, திட்டுத்திட்டாகிவிடும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, கையகல இடத்தில் சோதித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த அலுமினிய கிளீனர், டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல். எந்த ஆசிடாக இருந்தாலும் தண்ணீரில்தான் ஆசிடைச் சேர்க்க வேண்டும், ஆசிடில் தண்ணீரை அல்ல. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலை கரையில், நிழலில், தகடு சூடில்லாதபோது நடக்கட்டும். படகு துத்தநாகம் பூசிய டிரெய்லரில் நின்றால் அதைப் பிளாஸ்டிக் விரித்து மூடுங்கள். பாஸ்பாரிக் ஆசிட் அந்தப் பூச்சைத் தின்றுவிடும்.

தகட்டை நனைத்துவிட்டு, ஒரு மீட்டர் அகலப் பகுதியாக, கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம், காயவிடாமல். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

கிட்டவே சேர்க்கக் கூடாதவை சில உண்டு. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உள்ள கழிப்பறை கிளீனரின் குளோரைடு தகட்டில் குழி போடும். ஹைட்ரோபுளோரிக் ஆசிட் உள்ள கிளீனர்கள் நொடியில் வெளுக்கும், உண்மைதான். ஆனால் தோலில் பட்டால் உடனே வலிக்காமலே ஆழத்துக்கு இறங்கி எலும்புவரை கெடுக்கும். வீட்டு வேலைக்கு வேண்டவே வேண்டாம். சாதாரண இரும்புக் கம்பி நாரும் கூடாது: துணுக்குகள் பதிந்து துருப்பிடித்து, அந்தந்த இடத்தில் அலுமினியத்தையும் அரிக்கும்.

கேள்வி: கிளீனர் போட்டுக் கழுவினேன். இப்போது மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன.

பதில்: மேலிருந்து பூசியிருப்பீர்கள். வழிந்த ஆசிட், கீழே காய்ந்திருந்த தகட்டில் ஓடிய தடம் அது. முழுப் பக்கத்தையும் நனைத்து, பாதி வீரியக் கரைசலைக் கீழிருந்து ஒரே சீராகப் பூசிக் கழுவினால் பெரும்பாலும் கலந்துவிடும். அப்படியும் தெரிந்தால் நைலான் தேய்ப்புத் தாளால் படகின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள்.

கேள்வி: முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு வேண்டும். முடியுமா?

பதில்: முடியும், தோள்வலிக்குத் தயாராக இருந்தால். 400, 600, 800, 1000 என்ற வரிசையில் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர். ஒவ்வொரு எண்ணிலும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய கீறல் போய்விட்டதா என்பது தெரியும். 400-இன் கீறல் தெரியும்போதே 800-க்குத் தாவினால் பாலிஷ் போட்டபின் அது பல்லிளிக்கும். பிறகு வேகம் குறைக்கக்கூடிய பாலிஷ் மெஷினில் பருத்தி வீல், அலுமினியத்துக்கான பாலிஷ் கட்டி. கறுப்பாக மை வருவது இயல்பு. காயுமுன் துடைத்துவிடுங்கள், கடைசியில் கொஞ்சம் மைதா தூவித் துடைத்தால் மிச்சமும் வந்துவிடும். ரிவெட் தலைகளை மெஷினில் தேய்க்காதீர்கள், தேய்ந்தால் ஒழுகும். உப்புத் தண்ணீரில் இந்தப் பளபளப்பு நிற்காது. மெழுகு பூசினால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

கேள்வி: பெயின்ட் அடிப்பதானால்? பாசி பிடிக்காத பெயின்டும் அடிக்கலாமா?

பதில்: பிசுக்கு நீக்கி, 80 அல்லது 120 எண் தாளால் சொரசொரப்பாக்கி, தூசு துடைத்து, சில மணி நேரத்துக்குள் எட்ச் பிரைமரோ (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) அலுமினியத்துக்கான எபாக்சி பிரைமரோ அடித்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் புது ஆக்சைடின் மேல்தான் பெயின்ட் உட்காரும், தோலாக உரியும். தாமிரம் கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் வேண்டாம். ஒரு கீறல் விழுந்து தண்ணீர் புகுந்தால் தாமிரமும் அலுமினியமும் பேட்டரியின் இரு முனைகளாகி, அரிபடுவது அலுமினியமாகத்தான் இருக்கும். தாமிரம் இல்லாத வகை என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: உட்புறக் கார்ப்பெட்டை எடுத்தால் அடியில் வெள்ளைக் கட்டிகள், சுரண்டினால் குழிகள்.

பதில்: கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். ஈரக் கார்ப்பெட்டின் அடியில் காற்றுப் புகாமல் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. அங்கே ஒரு செப்புக் காசு விழுந்து கிடந்தாலும் குழி விழும். ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் வெள்ளைத் தூள் துளியும் இல்லாமல் குடைந்தெடுத்து, ஊசியால் ஆழம் பாருங்கள். சிறிய ரிவெட் படகுகளின் தகடு பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் சுமார்தான். மேலோட்டமான குழிக்குக் கழுவிக் காயவைத்து எபாக்சி நிரப்பலாம். ஊசி மறுபக்கம் வந்தால் வெல்டிங் அல்லது ஒட்டுத்தகடு. கார்ப்பெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகானால் அனோடையும், அதாவது படகுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகப் பொருத்தும் உலோகக் கட்டியையும், பாருங்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினிய அனோடு, உப்பங்கழிக்கு அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அதன்மேல் பட்டுவிடாமல் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.