எட்டுக் குமிழ்களும் ஒரு நொடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எழுபதுகளின் மேற்கு பெர்லின் மின்னணு இசையைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, டேஞ்சரின் ட்ரீம் குழுவின் இசைத்தட்டுகள் இரண்டைத் தேடிக் கேட்டேன். பதினைந்து ஆண்டுகளாக மிருதங்கம் வாசிப்பவன் நான். உள்ளதைச் சொன்னால், பாதியிலேயே பொறுமை போய்விட்டது. ஒரே எட்டுச் சுரம் கடிகாரம் போல ஓடிக்கொண்டே இருக்கிறது. வாசிப்பது இயந்திரம், மனிதர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இதில் கலைஞனுக்கு என்ன வேலை? இன்னொன்று, அந்தப் பழைய சின்தசைசர்களின் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவிகளின்) ஒலியை இன்று ஒரு கணினி மென்பொருள் சில ஆயிரம் ரூபாய்க்குத் தந்துவிடுகிறது. இருந்தும் லட்சக்கணக்கில் கொடுத்துப் பழைய கருவியைத் தேடிப்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது வெறும் பழமை மோகம் இல்லையா? கடைசியாக ஒரு சிறு கேள்வி: இக்கருவிகள் அந்தக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்தனவா?

அன்புடன்,
ம., திருச்சி

அன்புள்ள ம.,

நீங்கள் மிருதங்கம் வாசிப்பவர் என்பதால் பதிலை உங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட இசையில் சீக்வென்சரை, அதாவது ஒரு சுர வரிசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் கருவியை, இயக்கிய கிறிஸ்டோஃபர் ஃபிராங்கே அடிப்படையில் டிரம்ஸ் கலைஞர். அஜிடேஷன் ஃப்ரீ என்ற பெர்லின் குழுவில் டிரம்ஸ் வாசித்த பிறகே அவர் எட்கர் ஃப்ரோசேயின் டேஞ்சரின் ட்ரீமுக்கு வந்தார். அவருக்கு முன்பு, 1970-இல் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கிளவுஸ் ஷுல்ஸே. அவரும் பின்னாளில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சீக்வென்சரிடம் போனார். 1975-இல் வெளிவந்த அவருடைய ‘டைம்விண்ட்’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், ஏறக்குறைய அரை மணி நேரம், ஒரே ஓட்டமாகச் சீக்வென்சரின் மேல் கட்டப்பட்டது. ஆக, இந்தக் கருவியைப் பேசவைத்தவர்களில் முதன்மையான இருவரும் தாளக்காரர்கள். தாளம் கைவராதவர்கள் அதை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற ஐயம் உங்கள் கடிதத்தின் அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றியதால் இதை முதலில் சொல்கிறேன்.

இனி அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். சின்தசைசர்களைத் தயாரித்த மோக் நிறுவனத்தின் 960 என்ற சீக்வென்சரில் வரிசைக்கு எட்டாக மூன்று வரிசைகளில் 24 குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு மின்னழுத்தத்தைத் தரும், அவ்வளவுதான். துடிப்பு ஒன்று முதல் குமிழிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொன்றாகத் தாவிச் செல்ல, அந்தந்தக் குமிழின் மின்னழுத்தம், ஒலியை எழுப்பும் மின்சுற்றான ஆசிலேட்டரைச் சென்றடைந்து அதன் சுருதியை மாற்றும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரஸ்தானங்கள் என்ற கணக்கில், அடுத்தடுத்த இரு சுரஸ்தானங்களுக்கு இடையே உள்ள தொலைவு சுமார் 83 மில்லிவோல்ட். குமிழுக்குக் கீழே சட்ஜம், ரிஷபம் என்று எதுவும் எழுதியிருக்காது. காதால் கேட்டுத்தான் திருக வேண்டும். திருகிவைத்த நிலையைச் சேமிக்க நினைவகமும் கிடையாது. இன்று மாலை அமைந்த எட்டுச் சுரக் கோவை நாளைக்கும் வேண்டுமென்றால், ஒன்று குமிழ்களை யாரும் தொடாமல் காவல் காக்க வேண்டும், அல்லது மறுபடி முதலிலிருந்து சுருதி சேர்க்க வேண்டும்.

நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம் என்று வைத்துக்கொண்டால், எட்டுச் சுரமும் சரியாக ஒரு நொடியில் முடிந்துவிடும். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது சுரத்தை மாற்ற நினைப்பவர், துடிப்பு அந்த இடத்தைக் கடந்தவுடன் கைவைத்து, அது சுற்றித் திரும்பி வருவதற்குள், இன்னும் காதில் விழாத, மனத்தில் மட்டுமே இருக்கிற ஒரு சுரத்துக்குக் குமிழைத் திருகி நிறுத்தியாக வேண்டும். அந்தக் குமிழின் முறை வரும்வரை அது எப்படி ஒலிக்கும் என்று சோதித்துப் பார்க்க வழியில்லை. தவறிவிட்டால் அபசுரம் நொடிக்கொரு முறை தவறாமல் வந்து அவையோர் அனைவருக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவருக்கு இந்த வேலை ஆகாது.

சுரங்களையே மாற்றாமல் செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. இந்த இசையின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒலியை வடிகட்டும் ஃபில்டரை மூடிவைத்தால் அதே எட்டுச் சுரமும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பது போல மங்கி ஒலிக்கும். மெல்லத் திறக்கத் திறக்க மேல்ஒலிகள் ஒவ்வொன்றாக வெளிவந்து, நான்கு நிமிடத்தில் அதே கோவை வேறொரு கருவியின் வாசிப்பாகிவிடும். விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் அதன் மின்னழுத்தமும் சேர்ந்துகொள்ள, கோவை முழுவதும் அப்படியே வேறொரு சுரத்துக்கு இடம்பெயரும். ஒரு சீக்வென்சர் எட்டில் சுற்ற, இன்னொன்றை ஆறில் சுற்றவிட்டால் இரண்டும் 24 அடிக்கு ஒரு முறைதான் சமத்தில் சந்திக்கும்; இடைப்பட்ட தூரத்தில் எது எடுப்பு என்பதே கேட்பவருக்குப் பிடிபடாது. கோர்வை கட்டிப் பழகிய உங்களிடம் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கேட்டபோது சுரத்தை மட்டும் பின்தொடர்ந்தீர்கள் என்றும், அது நகரவில்லை என்றதும் எதுவுமே நகரவில்லை என்று முடிவுசெய்துவிட்டீர்கள் என்றும் ஊகிக்கிறேன். இதில் தவறில்லை. நம் காது சுரத்தைத் தேடியே பழகியது.

(இடையில் ஒரு செய்தி, உங்களுக்குப் பிடிக்கும். 1977-இல் வெளிவந்த ‘ஐ ஃபீல் லவ்’ பாடலைப் பாடகி டோனா சம்மருக்காக இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜோ மோரோடர் மியூனிக்கில் ஒலிப்பதிவு செய்தபோது, பின்னணி ஏறக்குறைய முழுவதையும் மோக் கருவியிலேயே உருவாக்கினார். பெரிய டிரம்மின் அடி மட்டும் மோக்கில் மனத்துக்கு நிறைவாக அமையவில்லை. கடைசியில் கீத் ஃபோர்ஸி என்ற டிரம்ஸ் கலைஞரை உட்காரவைத்து, இயந்திரத்தோடு ஒட்டி அந்த ஓர் அடியைக் காலால் வாசிக்கச் சொன்னார்கள்.)

கடிகாரம் போல ஓடுகிறது என்கிறீர்கள். இந்த இயந்திரம் நன்றாகவே பிசகும். மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கு வசப்படுபவை. ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு விழுக்காடு அளவு மாறும். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கணக்கின்படி, அறை ஐந்து டிகிரி சூடேறினால் மூன்று ஸ்தாயி தள்ளியிருக்கும் சுரம் தன் இடத்திலிருந்து அடுத்த சுரஸ்தானத்தை நோக்கிப் பாதி தூரத்துக்கும் மேல் நகர்ந்துவிடும். 1973-இன் இறுதியில் டேஞ்சரின் ட்ரீம் குழுவினர் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமப்புறத்திலிருந்த மேனர் ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘ஃபீட்ரா’வை உருவாக்கியபோது நடந்தது இதுதான். ஃபிராங்கே தம் பெரிய மோக் கருவியோடு ஒவ்வொரு நாளும் நெடுநேரம் சுருதி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கருவி சூடேறச் சூடேற ஆசிலேட்டர்களின் சுருதி விலகியது. அந்த விலகல் தலைப்புப் பகுதியிலேயே பதிவாகி, அப்படியே வெளியிடப்பட்டது. 17 நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பகுதியைக் கவனித்துக் கேட்டால் அடித்தளக் கோவையின் சுருதி நழுவுவது தெரியும். 1974 பிப்ரவரியில் வெளிவந்த அந்த இசைத்தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை ஏறியது.

சென்னையில் ஒரு நண்பர் பழைய வடிவமைப்பிலான சிறிய அனலாக் சின்தசைசர் ஒன்றை வைத்திருக்கிறார். மே மாதத்தில் ஒரு மாலை, ஏசி ஓடும் அறையில் அரை மணி நேரம் உழைத்து இரண்டு ஆசிலேட்டர்களையும் ஒன்றுசேர்த்தோம். சற்று நேரத்தில் யாரோ கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போக, வெக்கை உள்ளே நுழைந்தது. எங்கள் அரை மணி நேர உழைப்பும் கதவு வழியாக வெளியே போயிற்று. மிருதங்கத்தின் வலந்தலை மழைக்காலத்தில் உங்களைப் படுத்தும் பாட்டுக்கு இது அண்ணன் தம்பி முறை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி ஒப்புக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும். இந்தச் சுருதி விலகலைப் பழங்கருவியின் ‘ஆன்மா’ என்று இன்று புகழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதை வாசித்தவர்களுக்கு அது தொல்லை. மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி முறை 1983-இல் வந்து, நினைவகம் உள்ள டிஜிட்டல் கருவிகள் பரவியபோது டேஞ்சரின் ட்ரீம் தயங்காமல் அவற்றுக்கு மாறியது. பழைய ஒலி வேண்டும் என்று எழுபதுகளில் அவர்கள் மோக்கைத் தேடிப் போகவில்லை. அன்றைக்கு அதைவிடப் புதிய ஒலி வேறு கிடையாது. அந்த ஒலியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இன்று வெளிவரும் ‘ரெட்ரோ’ இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை எனக்கு அலுப்பூட்டுகின்றன. கணினித் திரையில் எண்ணூறு சுரமானாலும் வரைந்துவைக்கலாம், எந்தச் சுரத்தையும் எத்தனை முறையும் திருத்தலாம் என்ற நிலையில், அந்த ஒரு நொடிக்குள் முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி யாருக்கும் இல்லை. ஃபில்டர் திறப்பதுகூட முன்னரே வரைந்த கோட்டின்படி திறக்கிறது. ஒலி அச்சாக அதே ஒலிதான், ஆனால் யாரும் யாருக்கும் காது கொடுக்கவில்லை. இதற்கு மென்பொருள் பொறுப்பல்ல. மென்பொருளை நேரடியாகக் குமிழ் திருகி, ஒரே மூச்சில் பதிவுசெய்பவர்களும் இருக்கிறார்கள்; லட்ச ரூபாய்க் கருவியை அலமாரிப் பொம்மையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோக் கருவி 1969-லேயே அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவ உதவினார், நம்மவர்கள் சிலர் அதில் இசை அமைத்திருக்கிறார்கள். 1982-இல் மும்பையின் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் சீக்வென்சர் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். இரண்டும் தனித்தனியே எழுத வேண்டியவை. இப்போதைக்கு இது போதும்.

நீங்கள் மறுபடி கேட்க முன்வந்தால், ‘ஃபீட்ரா’வில் தொடங்க வேண்டாம். மானுவல் கோட்ஷிங்கின் ‘இ2-இ4’ இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். ஆஷ் ரா டெம்பல் குழுவின் கிதார் கலைஞரான அவர், 1981 டிசம்பரில் ஒரு மாலை, மறுநாள் ஹாம்பர்க் பயணத்தில் கேட்பதற்கு ஏதாவது வேண்டும் என்று, பெர்லினிலிருந்த தம் ஒலிப்பதிவு அறையில் தனியாக அமர்ந்து ஒரே மூச்சில் பதிவுசெய்தது அது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1984-இல்தான் வெளிவந்தது. இரண்டே இரண்டு ஸ்வரக்கூட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறி மாறி வரும், வேறு எதுவும் நடக்காதது போலவே இருக்கும், கிதார் பாதி தாண்டிய பிறகுதான் உள்ளே வரும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், சுரத்தைத் தேடாதீர்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாக நின்றது என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.