அந்த ஒரு வருஷம் யாருக்குக் கிடைக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒவ்வொரு பிளஸ் டூ ரிசல்ட்டிலும் ‘வழக்கம்போல மாணவிகளே அதிகத் தேர்ச்சி’ என்று செய்தி. என் வகுப்பிலும் அப்படித்தான். பெண்பிள்ளைகளுக்கு இயல்பிலேயே பொறுப்பு அதிகம். கெட்டுப்போவது பையன்கள்தான். இன்னமும் பெண்கல்வி என்றே பேசிக்கொண்டிருந்தால், ஏழைப் பையனுக்காக யார் பேசுவது?

செ.

அன்புள்ள செ. அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. முகூர்த்த நாளில் உங்கள் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பையன்கள் பாதிப்பேர் கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். மற்ற நாளில் சென்ட்ரிங், டைல்ஸ் ஒட்டுகிற வேலை. சாயங்காலமே கையில் காசு. யாரும் மார்க் ஷீட் கேட்பதில்லை. அதே ஊரில் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறுகிற பையன் பந்திக்குப் போவதில்லை. அவன் சம்பாத்தியத்தை அவன் வீடு எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதைக் ‘கெட்டுப்போவது’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

‘இயல்பிலேயே பொறுப்பு’ என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம் தேர்ச்சி பெற்றார்கள். தோற்றால் பையனுக்கு வேலை இருக்கிறது. பெண் தோற்றால் வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுக்கிறார்கள், இல்லையென்றால் ஹாஸ்டலோடு கூடிய ஏதாவதொரு நூற்பாலைக்கு அனுப்புகிறார்கள். வீட்டைவிட்டு வெளியே போக அவளுக்கு அனுமதியுள்ள ஒரே வழி படிப்பு. தம்பிக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் புத்தகத்தைத் திறக்கிறவளுடைய மார்க் அது. அதில் பொறுப்பைவிடப் பயம் அதிகம்.

மார்க் வாங்கியபின் என்ன ஆகிறது? பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். நல்ல கட்-ஆஃப் வைத்திருந்த பெண் கோவைக் கல்லூரி ஒன்றைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற அப்பா பாடப்பிரிவு என்னவென்று கேட்கவில்லை. “காலேஜ் பஸ் நம்ம ஊருக்கு வருமா?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஹாஸ்டல் பணமும் கிடையாது, ஊர்ப்பேச்சைத் தாங்குகிற தெம்பும் கிடையாது. பணமுள்ள வீட்டில் இதே தயக்கம் வந்தால், சென்னையில் ஒரு ஃபிளாட் எடுத்து அம்மா கூடவே போய்த் தங்கிவிடுகிறார்.

மருத்துவப் படிப்பில் இது அப்பட்டமாகத் தெரியும். தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் வழியாகத்தான் சேர்க்கை. நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கைப்படி, 2020-21-ல் சேர்ந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் ரிப்பீட்டர்கள். அதாவது, பள்ளி முடித்தபின் ஒரு வருஷமோ இரண்டோ கோச்சிங்கில் உட்கார முடிந்தவர்கள். ‘ஒரு வருஷம் போனால் போகட்டும், மறுபடி எழுது’ என்று சொல்ல எந்த வீட்டால் முடியும்? கூலி வீட்டுப் பையனுக்கு அது ஒரு வருஷச் சம்பளம். கூலி வீட்டுப் பெண்ணுக்கோ வீடு தேடிவரும் வரன். பையனாவது வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதலாம். அவளுக்கு அதுவும் கடினம். 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய கதவைத் திறந்தது உண்மை. ஆனால் தகுதி மதிப்பெண் எடுக்கிற வரையிலான காலத்தை அது யாருக்கும் வாங்கித் தரவில்லை.

அதனால்தான் புதுமைப் பெண் திட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்கென்று கொடுத்துவந்த உதவியை மாற்றி, 2022 முதல் கல்லூரியில் படிக்கும் பெண்ணின் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் போடுகிறார்கள். அது கல்யாணச் செலவுக்கான பணம் என்பது போய், அவள் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்குமான பணம் ஆகியிருக்கிறது. பையன்களுக்கும் 2024-ல் இதேபோலத் தமிழ்ப் புதல்வன் என்ற உதவித்திட்டம் வந்துவிட்டது. அதையும் வரவேற்கிறேன். ஆனால் பந்தி வேலைக்குப் போகிறவனைப் பிடித்து நிறுத்தவேண்டியது பள்ளியிலேயே. கல்லூரிக்கு வந்தபின் கிடைக்கும் பணம் அவன் கைக்கு எட்டாது.

இந்த வருஷம் தோற்ற பையன்களில் யார் யார் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினார்கள் என்று ஒருமுறை பாருங்கள். கட்டாதவன் வீட்டுக்கு நீங்களே போய்விட்டு வாருங்கள். உங்கள் வகுப்பில் முதல் ஐந்து இடம் எடுத்த பெண்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள், அது அவர்கள் கேட்ட கல்லூரியா என்பதையும் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.