வில்வண்டிக் கூண்டில் வளை முறிந்தால்

தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் ஐயா காலத்து வில்வண்டி கொட்டகையில் நிற்கிறது. கூண்டில் மூன்று மூங்கில் வளைகள் முறிந்துவிட்டன, இரண்டு அடியில் உளுத்திருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் கம்பியில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம் அம்மா. இரும்பில் துரு ஏறினால், அது படுகிற இடத்திலெல்லாம் கூண்டின் மேல் போர்த்திய கித்தான் கறைபட்டு இற்றுப்போகும். உங்கள் கூண்டைத் தாராளமாகக் காப்பாற்றலாம்.

கித்தானை ஒரு பக்கம் மட்டும் கழற்றி மேலே சுருட்டி வையுங்கள். முறிந்த மூன்றையும் சேர்த்து உருவிவிடாதீர்கள். ஒன்றை எடுத்து, புதியதை மாட்டி இறுக்கிக் கட்டிய பிறகுதான் அடுத்தது. பொறுக்காமல் மொத்தமாக உருவினால் வளைகளின் குறுக்கே கட்டிய மூங்கில் பிளாச்சுகள் நிமிர்ந்து கூண்டு ஒரு பக்கம் சரிந்துவிடும். அப்புறம் பழைய வடிவத்தைக் கொண்டுவருவது பெரும்பாடு. பக்கத்து நல்ல வளையின் மேல் தடித்த கம்பியை அழுத்தி வளைத்து, அதைப் பலகையில் வைத்துக் கோடு போடுங்கள். கோட்டை ஒட்டி ஆணி அடித்தால் அதுதான் புது வளையை வளைக்கும் அச்சு.

மூங்கில் மூன்று வயதாவது முற்றியதாக இருக்கட்டும். பிளந்து, உள்பக்கத்தை மட்டும் செதுக்குங்கள். பலமெல்லாம் வெளித்தோலில்தான், அதில் கத்தி படக்கூடாது. 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் பவுடர் கரைத்து, ஆறியதும் பிளாச்சை ஒரு வாரம் ஊறப்போட்டால் துளைப்பூச்சி அண்டாது.

வளைப்பதற்குத் தணல் போதும், தீக்கொழுந்து ஆகாது. ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டிக்கொண்டே இருங்கள். தோலில் எண்ணெய் பூத்தாற்போல் மினுமினுப்பு வரும்போது, தோல் வெளியே இருக்கும்படி மெல்ல அச்சில் அமர்த்துங்கள். முறிவதென்றால் கணுவில்தான் முறியும், அங்கே கூடுதலாகச் சூடு காட்டுங்கள். விட்டதும் கொஞ்சம் நிமிரும் என்பதால் கோட்டைவிடச் சற்று அதிகமாகவே வளைத்து, நன்றாக ஆறும்வரை கட்டி வையுங்கள்.

அடி உளுத்த இரண்டையும் மாற்றத் தேவையில்லை. நல்ல மூங்கில் தெரியும்வரை வெட்டிவிட்டு, கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, அதேபோல் சீவிய புதுத்துண்டை எபாக்ஸி பசையில் ஒட்டி நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். ஆனால் உளுத்ததற்குக் காரணம் வளை இறங்கும் துளையில் தேங்கிய தண்ணீர். துளையைச் சுரண்டிக் காயவைத்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு ஓட்டை போடச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு ஒட்டினால் புதுத்துண்டும் உளுத்துவிடும்.